மே பெரியம்மா சாக வேண்டுமா, இருக்க வேண்டுமா?

கிளிநொச்சியில் பெடியளோடு ஸ்பைடர்மேன் படங்களைப் பற்றிக் கதைத்தால் பேச்சு, ஸ்பைடர்மேனான பீட்டரை வளர்த்த மே பெரியம்மாவில்தான் வந்து நிற்கும். 2002 இல் தொடங்கிய மூன்று படங்களில் பென் பெரியப்பா சாகிறார், மே கடைசிவரை இருக்கிறார். 2021 இல் வந்த படத்திலோ மே சாகிறார்.

கொன்றால் கதைக்கு உடனே வேகம் வரும். வில்லன்களுக்கு உதவச் சொன்னவரே மேதான்; அதில் ஒருவனான கிரீன் கொப்ளினாலேயே அவர் சாகிறார். இரக்கப்பட்டது பிழையா என்று பீட்டர் தவிக்கிறான். அந்தச் சாவு வீணில்லை, சரி.

ஆனால் 2004 படத்தைப் பாருங்கள். பென்னைக் கொன்ற கள்ளனைத் தான்தான் தப்பவிட்டதாகப் பீட்டர் மேயிடம் ஒப்புக்கொள்கிறான். அவர் கையை இழுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் எழும்பிப் போகிறார். பிறகு மன்னிக்கிறார். எந்தச் சண்டைக்காட்சியும் என்னை இவ்வளவு உலுக்கியதில்லை. மேயையும் முதலிலேயே கொன்றிருந்தால் இந்தக் காட்சி ஏது?

2009க்குப் பிறகு அம்மம்மாவோ சித்தியோ வளர்த்த பிள்ளைகள் வன்னியில் நிறைய. இழப்பைப் படம் பார்த்துப் படிக்கும் நிலையில் அவர்கள் இல்லை. மிஞ்சியவரோடு எப்படி வாழ்வது, அவரிடம் எதை மறைப்பது என்பதைத்தான் படங்கள் குறைவாகத் தொடுகின்றன. ஒரு தொடருக்கு ஒரு சாவு போதும். மே வங்கியில் கடன் கேட்டு அலையட்டும், பீட்டரை ஏசட்டும்.