பழைய வீட்டைக் கந்தோராக மாற்றுகிறவர்களே, கதவைக் கழற்றிக் கொடுக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் எங்கள் அம்மம்மாவின் நாற்சார் வீடு இருக்கிறது, நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய பழைய வீடு. வெளிநாட்டில் இருக்கும் மாமாக்கள் விற்கச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. என் கணக்கு வேலைக் கந்தோரை அங்கே கொண்டுபோகலாம் என்று முடிவெடுத்தேன்.

தூணும் திண்ணையும் முற்றமும் அப்படியே இருக்க வேண்டும். இடையில் கண்ணாடித் தடுப்பு, நல்ல வெளிச்சம், இந்தக் காலத்து மேசைகள். நான் கேட்டது இவ்வளவுதான். பழையதையும் புதியதையும் சேர்த்துப் புழங்குவது எங்கள் ஊருக்குப் பழகிய விஷயம். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். கந்தோர் ஒல்லாந்தருடையது.

உள்ளக அலங்காரம் செய்கிற ஒருவர் வந்தார். போனில் அழகழகான படங்கள் காட்டினார். 18 இலட்சம் பேசி, 11 இலட்சம் முற்பணம் வாங்கினார். தலைவாசல் இரட்டைக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பொலிஷ் அடிச்சுத் தாறன் அக்கா" என்றார். சரி என்று கழற்றிக் கொடுத்தேன். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை.

ஆறு கிழமை கழித்துக் கதவு வந்தது. பளபளவென்று இருந்தது. அதே பித்தளைக் குமிழ்கள், அதே தாழ்ப்பாள். அதனால் எனக்கு ஐமிச்சமே வரவில்லை. ஒருநாள் அம்மா வந்து கதவருகே நின்று, வலது பலகையைக் கையால் தடவித் தடவி எதையோ தேடினார். 1995 போர்க்கால இடப்பெயர்வு முடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது அந்தப் பலகையில் ஷெல் துண்டு துளைத்த ஓட்டை இருந்தது. அப்பப்பா தேன்மெழுகை உருக்கி அதை அடைத்தார். விரல் நுனி வைத்தால் சின்னப் பள்ளமாகத் தெரியும். இப்போது அந்த இடம் வழவழவென்று இருந்தது.

அலங்காரக்காரரிடம் கேட்டேன். "பொலிஷ் அடிச்சா எல்லாம் மறைஞ்சு போகும் அக்கா" என்றார். அப்புறம் தெரிந்த தச்சர் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் கதவின் அடிப்பக்கத்தை உளியால் லேசாகச் சீவினார். உள்ளே வெளிறிய மரம். எங்கள் பழைய கதவு முதிரை மரம். முதிரை என்றால் மஞ்சளாக, பட்டு மாதிரி மினுங்க வேண்டும். "பிள்ளை, ஒரு கையால தூக்கிப் பாருங்கோ" என்றார். தூக்க முடிந்தது. பழைய கதவின் ஒரு பலகையைக் கழற்றவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பழைய பித்தளைச் சாமான்களைச் சாயம் பூசிய மலிவு மரத்தில் பூட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

சுவர் இன்னொரு கதை. நூறு வருசத்துக்கு மேல் நின்ற சுண்ணாம்புச் சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டுச் சீமெந்து பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தார் அந்த அலங்காரக்காரர். இந்த மாதிரிப் பழைய சுவர்களுக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. நிலத்து ஈரம் மேலே ஏறும். சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும். சீமெந்து வழியை அடைத்துவிடும். கார்த்திகை மழைக்கே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, உவர் வெள்ளைப் பொடியாகக் கொட்டியது. இப்போது சீமெந்தைக் கொத்தித் திரும்பவும் சுண்ணாம்பு பூசுகிறோம். வேறு காசு, வேறு மேசன். கண்ணாடித் தடுப்பையும் தூணிலேயே துளைபோட்டு இறுக்கியிருந்தார்கள். தனிச் சட்டத்தில் நிறுத்தியிருந்தால் தூணைத் தொடவே தேவையில்லை.

மரச்சாமான் எதையாவது வெளியே அனுப்புவதாக இருந்தால், முதலில் ஒவ்வொரு பலகையையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து, நீள அகலத்தையும் தடிப்பையும் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் தச்சரை வீட்டுக்கே கூப்பிட்டுப் பொலிஷ் செய்யுங்கள். சுவரில் கை வைக்கும் முன் என்ன சாந்து பூசப்போகிறார்கள் என்று கேளுங்கள். வேலை பாதி முடியும்வரை முற்பணத்துக்கு மேல் காசு கொடுக்காதீர்கள். அந்த முற்பணமும் என்னுடையது போலப் பெரிதாக இருக்கக்கூடாது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. நான் அங்கேயும் மத்தியஸ்த சபையிலும் முறையிட்டிருக்கிறேன்.

கதவு இன்னும் கிடைக்கவில்லை. பழைய சாமான் கடையிலோ, யாருடைய புது ஹோட்டலிலோ இருக்கலாம். முதிரை இரட்டைக் கதவு. குமிழ் இருந்த இடங்களில் துளைகள் தெரியும். வலது பலகையில் நெஞ்சு உயரத்தில் மெழுகு அடைத்த ஒரு சின்ன ஓட்டை. கண்டால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.