கொச்சி மேட்ச்சுக்கு ‘பேக்கேஜ்’ என்று வந்தால் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருப்பூர், கோவை, ஈரோடு பக்கத்துக் கால்பந்து ரசிகர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையின் எஃப்சி அணி கேரளா பிளாஸ்டர்ஸோடு ஆடக் கொச்சிக்குப் போகிறது என்றாலே, ‘வேன், டிக்கெட், சாப்பாடு, ஜெர்ஸி எல்லாம் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு’ என்று வாட்ஸப்பில் ஒரு போஸ்டர் சுற்ற ஆரம்பிக்கும். அப்படி ஒன்றுக்குப் பணம் கட்டிப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். பாதிப் பேர் ஸ்டேடியத்துக்குள்ளேயே போகவில்லை. உள்ளே போனவர்களையும் ஆட்டம் முடியும்வரை உட்கார விடவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் ஆளின் பெயரையோ டிராவல்ஸ் பெயரையோ போடவில்லை. எப்படியெல்லாம் ஏமாற்றினார் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். இதே வேலையை இன்னும் நாலு பேர் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி.

நம் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கொச்சி மேட்ச் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. சென்னையில் நடக்கிற நம்முடைய ஹோம் மேட்ச்சுக்குத் திருப்பூரிலிருந்து போக 450 கிலோமீட்டருக்கு மேல். எதிரணி ஊரான கொச்சி ஏறத்தாழ 240 கிலோமீட்டர்தான். கோவைக்காரர்களுக்கு இன்னும் பக்கம். ஒரு காலத்தில் இந்தக் கவலையே இல்லை. சென்னை சிட்டி எஃப்சி என்ற வேறொரு அணி கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடியது. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்தி ஐ-லீக் கோப்பையைத் தட்டியது அங்கேதான். அந்த சீசனில் பெத்ரோ மான்சி 21 கோல் அடித்தார். அந்த அணி லீகை விட்டுப் போனபின் பெரிய ஆட்டம் பார்க்க கேரள எல்லையான வாளையாறு தாண்டுவதைத் தவிர வழியில்லை. பேக்கேஜ் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நம்மாள் வசூல் ஆரம்பித்ததே ஒரு சனிக்கிழமை சாயங்காலம். திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பளம். பனியன் கம்பெனிப் பசங்க கையில் காசு இருக்கிற நேரம் பார்த்து, ‘இன்னும் ஆறு சீட்தான் பாக்கி’ என்று குரூப்பில் போட்டார். ஆளுக்கு 2,750 ரூபாய். டிக்கெட்டுக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று ஒருவர் கேட்டதற்கு, “ஏனுங் தம்பி, நாப்பதாயிரம் பேரு வர்ற எடமுங்க, டிக்கெட்டு கெடைக்கறதே பெருசு. கணக்கெல்லாம் எதுக்குங்க, நா பாத்துக்கறேன்” என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. இன்னொருவர் டிக்கெட்டை முன்னாடியே அனுப்பிவிடச் சொன்னார். “இப்பவே அனுப்புனா வேற யாராச்சும் யூஸ் பண்ணிருவாங்க, கேட்டுக்குப் பக்கத்துல வந்ததும் அனுப்பறனுங்க” என்றார். இந்த பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

போஸ்டரில் இருந்தது ஏசி, புஷ்பேக் சீட் போட்ட டெம்போ டிராவலர். காலை 9 மணிக்குப் புஷ்பா தியேட்டர் பக்கம் வந்து நிற்கச் சொன்னார்கள். வண்டி வந்தபோது மணி 12. ஏசியும் இல்லை, புஷ்பேக்கும் இல்லை. நடுவழியில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு நாலு பேரைக் கூடுதலாக உட்கார வைத்திருந்தார்கள். நடத்துகிறவர் வரவே இல்லை, “நா கார்ல முன்னாடி போயிட்டு இருக்கறனுங்க” என்று போன் மட்டும்.

மஞ்சள் போர்டு இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விஷயமே இங்கேதான். மஞ்சள் போர்டு என்றால் வாடகை வண்டி என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் ஸ்கூல் பஸ்ஸுக்கும், கம்பெனி தன் ஆட்களை ஏற்றி இறக்க வைத்திருக்கும் வண்டிக்கும்கூட மஞ்சள் போர்டுதான். அந்த வண்டிகளை வெளி ஆட்களுக்கு வாடகைக்கு ஓட்டக் கூடாது. எங்களுக்கு வந்தது ஒரு கம்பெனியின் ஸ்டாஃப் வேன். ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கிற வண்டியை டிரைவரிடம் பேசி எடுத்திருக்கிறார். ஓனருக்குத் தெரியுமா என்பது கடைசிவரை தெரியவில்லை.

வாளையாறு நெருங்கும்போது டிரைவர் திரும்பி, “செக்கிங்ல கேட்டாங்கன்னா கம்பெனி டூருன்னு சொல்லிருங்க” என்றார். அப்போதுதான் வண்டிக்குள் முணுமுணுப்பு ஆரம்பித்தது. கேரள மோட்டார் வாகன அதிகாரி ஏறிப் பார்த்து எந்தக் கம்பெனி என்று கேட்டதும் ஆளுக்கொரு பெயர் வந்தது. ஒருவர் தான் வேலை செய்யும் கம்பெனி பெயரையே சொல்லிவிட்டார். முன் சீட்டில் பிளஸ் டூ படிக்கும் பையன், பக்கத்தில் ரிட்டையரான வாத்தியார், எல்லோரும் நீல ஜெர்ஸியில். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அபராதத்தில் சிரிப்பு இல்லை. வண்டியின் பெர்மிட் தமிழ்நாட்டுக்குள் கம்பெனி வேலைக்கு மட்டும். கேரளத்துக்குள் போகத் தேவையான பெர்மிட்டும் எடுக்கவில்லை, வரியும் கட்டவில்லை. நடத்துகிறவருக்குப் போன் போட்டால், “நீங்க ஆளுக்கு முன்னூறு போட்டுக் கட்டிருங்க, நா ஜிபே பண்ணி விடறனுங்க” என்றார். அந்த முன்னூறு இன்றுவரை வரவில்லை. டிரைவர் பாவம், “எனக்குப் பாலக்காடுன்னுதானுங்க சொன்னாங்க” என்று தலையில் கை வைத்துவிட்டார்.

ஆகவே, எந்த வண்டியாக இருந்தாலும் முதல் நாளே நம்பரை வாங்கி எம்பரிவாகன் ஆப்பில் போட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) எதுவரை இருக்கிறது என்று அதில் வரும். அதைவிட முக்கியம், வண்டி வகை. ‘மேக்ஸி கேப்’ என்றால் வாடகை வண்டி, டிரைவர் நீங்கலாகப் பன்னிரண்டு பேர் வரை ஏற்றலாம். ‘பிரைவேட் சர்வீஸ் வெஹிக்கிள்’ என்று வந்தால் அது கம்பெனி வண்டி, ஏறாதீர்கள். கேரளத்துக்குப் போகிற வண்டிக்கு ஆல் இந்தியா டூரிஸ்ட் பெர்மிட் இருக்கிறதா, இல்லையென்றால் கேரளத்துக்குத் தனியாக பெர்மிட் எடுத்திருக்கிறார்களா என்று வாய் விட்டுக் கேளுங்கள். நேர்மையாகத் தொழில் செய்கிறவர் உடனே காகிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார். தப்பான வண்டியில் போய் விபத்து ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கப் பார்க்கும் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

வாளையாற்றில் போன நேரத்தைத் திருச்சூருக்கு அப்பால் பிடிக்கவே முடியாது. குதிரான் மலையில் சுரங்கப்பாதை வந்தபின் அந்த இடம் சுலபம்தான். மண்ணுத்தி தாண்டி அங்கமாலி வரைக்கும்தான் தலைவலி. அந்த ரோட்டின் நிலைமை எப்படியென்றால், 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றமே பாலியேக்கரை டோலில் கட்டணம் வாங்குவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. மதியம் 12 மணிக்குக் கிளம்பி 7.30 ஆட்டத்துக்கு நிம்மதியாகப் போய்ச் சேரலாம் என்று யாராவது சொன்னால் அந்த ரோட்டில் அவர் போனதே இல்லை என்று அர்த்தம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி போதும். காலையில் கட்டிய எலுமிச்சை சாதம், ஆலத்தூர் பக்கம் பிரித்தபோது ஊசிப்போயிருந்தது.

ஜெர்ஸியை அப்படி விட முடியாது. திருப்பூர்க்காரனுக்கே ஜெர்ஸி இலவசம் என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். நான் பனியன் கம்பெனியில் இருப்பவன். துணியைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது, காதர்பேட்டையில் கிலோ கணக்கில் வாங்கிய செகண்ட்ஸ். ஒன்றுக்கு ஒரு தோள் நீளம், இன்னொன்றுக்கு ஒரு கை குட்டை. நெஞ்சில் ஒட்டிய சின்னம் வியர்வை பட்டதும் உரிய ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த கட்டிங் மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இத என்ற கம்பெனில செக்கிங் பொண்ணுங்க பாத்தாங்கன்னா அழுதுருவாங்க” என்றார். அன்றைக்கு வண்டியில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அப்போது மட்டும்தான்.

கலூர் ஸ்டேடியம் முன்னால் இறங்கியபோது ஆட்டம் ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் டிக்கெட் ஒவ்வொன்றாக வாட்ஸப்பில் வந்தது. எல்லாம் ஸ்கிரீன்ஷாட். முதலில் நுழைந்த சிலருக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்தவர்களுக்கு, இது ஏற்கெனவே ஸ்கேன் ஆகிவிட்டது என்றார்கள். ஓரமாக நின்று போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே புக்கிங் நம்பர், ஒரே கோடு, மூன்று பேருக்கு அனுப்பியிருக்கிறார். கியூஆர் கோடு ஒரு தடவை ஸ்கேன் ஆனால் அதோடு செத்தது. யார் முதலில் கேட்டுக்குப் போனாரோ அவருக்கு அதிர்ஷ்டம். டிக்கெட்டை முன்னாடியே அனுப்ப மாட்டேன் என்று அவர் சொன்னதன் காரணம் இப்போது புரிகிறதா? முதல் நாளே அனுப்பியிருந்தால் நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்திருப்போம்.

இன்னொரு கூத்து, அந்த டிக்கெட்டெல்லாம் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்ஞப்பட ரசிகர்கள் நிறைந்து கிடக்கும் கேலரிக்கு. நீல ஜெர்ஸியோடு அங்கே விட முடியாது என்று செக்யூரிட்டி சொன்னதில் தப்பே இல்லை, எங்கள் நல்லதுக்குத்தான் சொன்னார். ஜெர்ஸியைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு உள்ளே போனவர்களில் நானும் ஒருவன். சுற்றிலும் மஞ்சள். ஒருத்தரும் எங்களைத் தொந்தரவு செய்யவில்லை. ஒரு சேட்டன் விஷயத்தைக் கேட்டுவிட்டு வெளியே நின்ற எங்கள் ஆட்களுக்கு டிக்கெட் கிடைக்குமா என்று நாலு பேருக்குப் போன் போட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. அவர்கள் ஒரு பேக்கரி டிவியில் ஆட்டம் பார்த்தார்கள். அதற்கு அவிநாசி ரோட்டு பேக்கரியிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

நம்மைப் போல வெளியூர் அணி ரசிகர்களுக்குத் தனி இடம் ஒதுக்கினால் அதை நம் கிளப்பும், பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் மாதிரி ரசிகர் குழுக்களும்தான் முதலில் சொல்வார்கள். அங்கே கேட்டு, கிளப் அறிவிக்கிற ஆப்பில் உங்கள் போன் நம்பரில் நீங்களே டிக்கெட் எடுங்கள். வேன் யாரிடம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், டிக்கெட்டை மட்டும் வேன்காரரிடம் வாங்காதீர்கள். எந்த ஊர், எந்த ஸ்டேடியம் என்பதையும் ஒவ்வொரு சீசனும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இடைவேளையில் டிரைவரிடமிருந்து போன். உடனே கிளம்ப வேண்டுமாம். “காலைல அஞ்சரைக்கு ஊத்துக்குளி பக்கம் ஆளெடுக்கோணுங்க, ஷிப்ட்டுக்கு வண்டி போவலைன்னா என்ற வேல போயிருமுங்க.” அவரைத் திட்ட மனசு வரவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையிலிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிற ஒரே ஆள், ராத்திரி முழுக்கத் திரும்ப ஓட்டி, தூங்காமல் விடிகாலையில் கம்பெனிப் பெண்களை ஏற்றப் போகிறார். டிக்கெட் மோசடியை விட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கையில் காசு இல்லாதவர்களும் அந்தப் பையனும் வேறு வழியில்லாமல் அதிலேயே போனார்கள். வாத்தியார் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். அதனால்தான் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள் என்று நினைக்கிறேன்.

நாங்கள் சிலர் மெட்ரோவில் ஆலுவா போய், அங்கிருந்து பஸ் மாறி மாறி விடியும்போது கோவை உக்கடம் வந்தோம். உண்மையில் இதுதான் நல்ல வழி. பெங்களூரு - எர்ணாகுளம் இன்டர்சிட்டி ஈரோடு, திருப்பூர், கோவை எல்லாவற்றிலும் நின்று சாயங்காலத்துக்குள் ஆலுவா போய்விடும். ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில் மெட்ரோ. ஜேஎல்என் ஸ்டேடியம் நிறுத்தத்தில் இறங்கினால் எதிரிலேயே மைதானம், எர்ணாகுளம் டிராஃபிக்கே கிடையாது. ஆட்ட நாளில் மெட்ரோ கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை மட்டும் அன்றைய அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் பேக்கேஜ் நடத்தியவர் சொன்னது: “நா சும்மா கோஆர்டினேட் பண்ணுனேனுங்க, டிக்கெட்டு குடுத்தவன் என்னையுமில்ல ஏமாத்திட்டான்.” விடாமல் கேட்டதில், யுபிஐயில் பணம் போட்டுக் குறிப்பில் ‘கொச்சி மேட்ச் டிக்கெட்’ என்று எழுதியிருந்த சிலருக்குப் பாதிப் பணம் வந்தது. கையில் காசாகக் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆன்லைனில் ஏமாந்தால் உடனே 1930க்குக் கூப்பிட வேண்டும், தாமதித்தால் பணம் கைமாறிவிடும். எங்கள் விஷயம் சேவைக் குறைபாடாகவும் வருவதால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம்.

அந்த ட்ரிப்பில் வந்து இன்னும் பணம் வராதவர்கள் யாராவது இதைப் படித்தால், குரூப்பை விட்டு வெளியேறாதீர்கள். அவர் பழைய மெசேஜ்களை அழிக்க ஆரம்பித்திருக்கிறார். போஸ்டர், வாய்ஸ் மெசேஜ், டிக்கெட் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இன்றைக்கே சேமித்து வைத்துக்கொண்டு என்னைத் தொடர்பு கொள்ளுங்கள், புகாரில் உங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.