நாம்பனைப் பழக்கக் கொடுத்தால் எவ்வளவு முடியும்? ஒட்டுசுட்டான் பக்கத்துச் சேவை ஒன்றைப் பற்றி

ஒட்டுசுட்டானில் இருந்து முத்தையன்கட்டுப் பக்கம் போகும் வழியில், நாம்பன் மாடுகளை (இளங்காளைகளை) வண்டிக்கும் உழவுக்கும் கூலிக்குப் பழக்கிக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பெயர்ப்பலகை எதுவும் இல்லை; மாடு வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால் வழி சொல்வார்கள். ஒரு சோடிக்கு நாளொன்றுக்கு 2,500 ரூபா என்பது அவருடைய கூலி. தீனி மாட்டுக்காரருடைய பொறுப்பு. எங்கள் வீட்டுச் சோடியை ஏறத்தாழ ஒன்றரை மாதம் அவரிடம் விட்டு எடுத்ததில் மொத்தம் 180,000 ரூபா வரையில் முடிந்தது. அதில் கூலி 110,000, தீனி 40,000, ஏற்றி இறக்கிய பட்டா வாகனத்துக்கு (சிறிய லொறிக்கு) 18,000. மிச்சம் மூக்குக் குத்து, கயிறு, மருந்து என்று போனது. கூலி நியாயமானது என்பதும், கூலியை மட்டும் கணக்கிட்டுக்கொண்டு போகிறவர் திண்டாடுவார் என்பதும் என்னுடைய முடிவு.

வன்னியில் முன்னர் இதற்கென்று ஆள் தேடிப் போகும் தேவை இருக்கவில்லை. பட்டியில் இருந்து பிடித்த நாம்பனை வீட்டில் நிற்கும் பழகிய எருதோடு பூட்டி, தகப்பனும் மகனுமாக ஒரு போகத்துக்குள் வசத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். லான்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரம் வந்து எருதை வயலை விட்டு அகற்றியது. பின்னர் இடப்பெயர்வுகளில் பட்டிகள் குலைந்து, 2009 இல் விட்டுவிட்டு வந்த மாடுகள் கட்டாக்காலிகளாயின. பழகிய எருது இல்லாத வளவில் புதிய நாம்பனைப் பழக்குவது பெரும்பாடு. 2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பலருக்கு மாட்டு வண்டியின் நினைவு திரும்ப வந்தபோது மாடு இருந்தது, வண்டியைத் திருத்தவும் முடிந்தது, பழக்கத் தெரிந்தவர்கள்தான் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தார்கள்.

இவர் நாம்பனின் வாயைத் திறந்து பார்த்த பிறகே கூலியைப் பற்றிப் பேசுகிறார். நிலைப்பல் இரண்டு முளைத்திருக்க வேண்டும், அதாவது ஏறத்தாழ இரண்டு வயது கடந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்ததைத் திருப்பி அனுப்பிவிடுவார். நலம் அடிப்பதையும், அதாவது காயடிப்பதையும், அவர் செய்வதில்லை. அதைக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் இடுக்கி கொண்டு செய்வித்து, வீக்கம் வற்றிய பிறகு கொண்டுவரும்படி சொல்கிறார்.

முதற் கிழமையில் நுகத்தின் பேச்சே இல்லை. மாட்டைக் கட்டுத்தறியில் நிறுத்தி, திமில், கழுத்து, முன்னங்கால் என்று கையால் தடவிப் பழக்குகிறார்; தண்ணீர் வாளியையும் தாமே வைக்கிறார், வேறொருவரை வைக்க விடுவதில்லை. மூக்குக் குத்திய புண் ஆறும்வரை வேப்பெண்ணெய் பூசி, மெல்லிய நூற்கயிற்றைத் தளர்வாகவே விட்டுவைக்கிறார். நாங்கள் கொண்டுபோன நைலோன் கயிறு மூக்கை அறுத்துவிடும் என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். அடுத்து மரக்குற்றி இழுத்தல். சங்கிலியின் சத்தமும் பின்னால் இழுபடும் பாரமும் பழகிய பின்னர், ஒவ்வொரு நாம்பனையும் தனித்தனியாக அவருடைய கிழட்டு எருதோடு ஒரே நுகத்தில் பூட்டுகிறார். அங்கே உண்மையான வாத்தியார் அந்த எருதுதான். நாம்பன் துள்ளினாலும் படுத்தாலும் அது அசையாமல் நிற்கிறது. நடக்கச் சொன்னால் தன் வேகத்தில் நடக்கிறது. பக்கத்தில் இருப்பதற்கு அந்த வேகத்துக்கு வருவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு நாம்பன்களும் ஒன்றாகப் பூட்டப்படுவது அதற்குப் பிறகுதான். முதலில் வெறும் வண்டி, பின்னர் வைக்கல் ஏற்றிய வண்டி, கடைசியாக மாங்குளம் முல்லைத்தீவு வீதியின் ஓரத்தில் பேருந்துகள் ஹோன் அடித்துக்கொண்டு கடக்கும்போது கலையாமல் நிற்கும் பழக்கம்.

நுகத்தை அவிழ்த்ததும் அவர் செய்கிற வேலை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். உள்ளங்கையைக் கழுத்தில் நுகம் படிந்த இடத்தில் வைத்து, மயிரை எதிர்ப்புறமாக மெல்லத் தள்ளிப் பார்க்கிறார். தோல் சிவந்திருந்தாலோ, தொட்டவுடன் மாடு கழுத்தை இழுத்தாலோ, அடுத்த நாள் பூட்டு இல்லை. அப்படி ஒரு நாள் நான் அங்கே நின்றபோது, வந்ததற்கு இன்னொரு சுற்று ஓட்டிக் காட்டும்படி கேட்டேன். “களைச்ச மாட்டுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது, தம்பி? கட்டிப்போட்டு வைக்கலைப் போடுங்கோ” என்று சொல்லிவிட்டு நுகத்தைக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்திவிட்டார்.

ஓய்வு நாளுக்கும் கூலி உண்டு என்பதுதான் பலர் அவரைப் பற்றிச் சொல்லும் குறை. அதை நான் குறையாகக் கருதவில்லை. முழு வேலையையும் ஒரு தொகைக்குப் பேசி, 60,000 ரூபாவுக்குள் பழக்கித் தருவதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவ்வாறு பேசியவருக்கு நாள் குறையக் குறையத்தான் இலாபம். நாளைக் குறைக்க அவரிடம் இருக்கும் வழி தடி ஒன்றுதான். எங்கள் அயலவர் அப்படிக் கொடுத்து எடுத்த நாம்பன் இன்றும் நுகத்தைக் கண்டால் பின்வாங்குகிறது. கழுத்துப் புண்ணுக்குச் செய்த வைத்தியச் செலவைச் சேர்த்துப் பார்த்தால் அவருக்கு மிச்சப்பட்டது மிகவும் சொற்பம். நாட்கூலிக்கு வேலை செய்பவர் நாட்களை இழுத்தடிக்கலாமே என்ற ஐயம் எழுவது இயல்பு. எந்த நேரத்திலும் முன்னறிவித்தல் இல்லாமல் வந்து பார்க்கலாம் என்று அவரே சொல்லிவிடுவதால் அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்வது கடினமல்ல.

தீனிச் செலவு பருவத்தைப் பொறுத்தது. காலபோக அறுவடை முடிந்த கையோடு, மாசி பங்குனியில் வைக்கல் மலிவாகக் கிடைக்கும். மாரி தொடங்கினால் ஏற்றுக்கூலியே வைக்கலின் விலையைத் தாண்டிவிடும். வேலை செய்யும் மாட்டுக்கு வைக்கல் மட்டும் போதாது, தவிடும் புண்ணாக்கும் வேண்டும். அவற்றை அவரிடமே காசாகக் கொடுத்துவிடுவதைவிட மூட்டையாக வாங்கி இறக்கிவிடுவது நல்லது. அவர் எடுத்துக்கொள்வார் என்பதற்காகச் சொல்லவில்லை, அவரிடம் கணக்கு எழுதும் பழக்கம் இல்லை. வாகனத்தில் ஏற்றுவதற்கு முன் கால்நடை வைத்தியரின் சான்றையும் அனுமதிப் பத்திரத்தையும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சோதனைச் சாவடியில் மறித்தால், மாடு உங்களுடையது என்று வாயால் சொல்வது செல்லாது.

குறைகள் இல்லாமல் இல்லை. கொட்டிலில் பாதிக்குத்தான் கூரை இருக்கிறது. மழை பெய்த இரவுகளில் எங்கள் மாடுகள் சேற்றில் நின்றிருக்கின்றன. தொலைபேசியை எடுப்பது அவருடைய மனநிலையைப் பொறுத்தது. பற்றுச்சீட்டு கேட்டால் சிரிப்பார். எல்லாவற்றையும்விட, வண்டியைப் பின்னுக்குத் தள்ளும் பழக்கத்தை அவர் அரைகுறையாகவே விட்டுவிட்டார். முன்னுக்கு நன்றாகப் போகும் சோடி, ஒடுங்கிய படலைக்குள் வண்டியைப் பின்பக்கமாக விட வேண்டிய இடத்தில் ஆளுக்கொரு திசையில் இழுத்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நாங்களே பழக்க வேண்டியதாயிற்று. 180,000 செலவழித்த ஒருவர் இதை எதிர்பார்ப்பது பேராசையாகாது.

சவாரிக்கு, அதாவது மாட்டுவண்டி ஓட்டப் போட்டிக்கு, பழக்குவதற்கு அவர் நாளுக்கு 4,000 ரூபா கேட்கிறார். பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் திடலில் இறங்க ஆசைப்படும் இளைஞர்கள் அதைக் கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு பல் கூட முளைக்காத மாட்டைத் திருக்கலில் (சவாரி வண்டியில்) பூட்டி ஓட விடுவது அதன் காலை முறிக்கும் வேலை; ஓடப் பழகிய மாடு பிறகு பாரம் ஏற்றிய வண்டியோடு பொறுமையாக நடப்பதும் அரிது. மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907 இலேயே வந்துவிட்ட நாட்டில் ஆணி செருகிய தடி இன்னமும் சவாரித் திடலுக்கு வருகிறது என்பதையும் மறக்க முடியாது. இவர் அந்தத் தடியைத் தம் வளவுக்குள் எடுக்க விடுவதில்லை, ஆனால் தாம் பழக்கிய மாட்டைத் திடலில் யார் எப்படி ஓட்டுவார்கள் என்பது அவருடைய கையில் இல்லை.

வண்டிக்கும் உழவுக்கும் என்றால் தயங்காமல் கொடுக்கலாம். பங்குனியில் விட்டு, ஆவணி விதைப்பு வேலை தொடங்குவதற்கு முன் எடுத்துவிடுவது நல்லது. ஒரே நேரத்தில் இரண்டு சோடிக்கு மேல் அவர் எடுப்பதில்லை என்பதால் தை மாதத்திலேயே நேரில் போய்ச் சொல்லிவைக்க வேண்டும். முற்பணம் கேட்க மாட்டார், ஆனால் கூலியைக் கிழமைக்குக் கிழமை எதிர்பார்ப்பார். கொடுக்கும்போதே, பின்னுக்குத் தள்ளப் பழக்காமல் மாட்டை எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.