சேலமா, சென்னையா, கம்பெனியா: ஒரு ஏற்காட்டுப் பெண்ணின் முதல் மூன்று ஆண்டுகள்

அண்ணன் மகள் இந்த ஆண்டு சட்டப் படிப்பை முடிக்கிறாள். ஏற்காட்டில் காப்பித் தோட்டக் கணக்கு எழுதிப் பிழைக்கும் வீடு. போன ஞாயிறு மலையிலிருந்து இறங்கி வந்தவள் ஒரு தாளை என் மேசையில் வைத்தாள். மூன்று பத்திகள் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் மாதம் கிடைக்கும் தொகையை எழுதியிருந்தாள். சேலம் கோர்ட்டில் ஒரு சீனியர்: 6,000. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு சீனியர்: 12,000. பெங்களூரில் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவு: 35,000. "சித்தப்பா, இதில் எதற்குப் போவது என்று நீங்களே சொல்லுங்கள்" என்றாள்.

நான் சென்னையில் ஒரு சீனியரிடம் இரண்டு ஆண்டு ஜூனியர் வக்கீலாக இருந்துவிட்டுச் சேலத்துக்குத் திரும்பியவன். இங்கே வந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவள் தாளில் ஒரு வரி விடுபட்டிருப்பது எனக்கு உடனே தெரிந்தது. மாதத்தில் எத்தனை முறை நீதிபதி முன்னால் நீயே எழுந்து பேசுவாய் என்பதுதான் அது. அந்த எண்ணை எழுதாமல் மற்ற மூன்று எண்களையும் ஒப்பிட முடியாது.

முதலில் பணம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர் வக்கீல்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தரப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000. சேலம் அந்த மூன்று ஊர்களில் இல்லாததால் நமக்கு 15,000. அதே ஆண்டு அக்டோபரில், வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சுற்றறிக்கை அனுப்பியது. ஆனால் அது பரிந்துரைதான். அவள் தாளில் இருக்கும் 6,000, 12,000 இரண்டுமே இந்த அளவுக்குக் கீழே இருக்கின்றன. எனக்குத் தெரிந்த பல அலுவலகங்களிலும் இதுதான் நிலைமை.

சீனியர்கள் சொல்லும் காரணத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. மாவட்ட கோர்ட்டில் கட்சிக்காரர் ஒரே தடவையில் பீஸ் கட்டுவதில்லை. வாய்தாவுக்கு வாய்தா ஐநூறும் ஆயிரமுமாகத் தருகிறார். சீனியருக்கே மாத வருமானம் நிச்சயமில்லை. இருந்தாலும் என்னால் இதை ஏற்க முடியவில்லை. ஜவ்வரிசி ஆலையில் மூட்டை சுமப்பவருக்கு வாரக் கடைசியில் கூலி கொடுத்தாக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிகிறது. கறுப்புக் கோட்டுப் போட்டவரிடம் மட்டும் "தொழில் கற்றுத் தருகிறேனே" என்கிறோம். என் முதல் சீனியர் முதல் நான்கு மாதம் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. அறைத் தோழன்தான் மெஸ் கணக்கைக் கட்டினான். அந்தக் கடனைவிட, வீட்டில் "எவ்வளவு வருகிறது?" என்று கேட்டபோது பொய் சொன்னதுதான் இன்றும் உறுத்துகிறது.

சின்ன ஆறுதல்கள் சில உண்டு. வக்கீலாகப் பதிவு செய்ய, சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அது 125 ரூபாய். மலைக் கிராமத்திலிருந்து படித்து வரும் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். இளம் வக்கீல்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 3,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2020இல் தொடங்கியது. வருமான வரம்பு உண்டு. தகுதி இருந்தால் விண்ணப்பிக்கத் தயங்கக் கூடாது.

அடுத்தது நேரம். மூன்று இடத்திலும் நாள் நீளம்தான். சேலத்தில் காலை ஒன்பதுக்கு அலுவலகம், பத்தரைக்குக் கோர்ட், மாலை ஆறு மணிக்கு மறுபடி அலுவலகம், முடிய ஒன்பதரை ஆகும். ஊரிலேயே இருந்தால் வீட்டுச் சாப்பாடு, வாடகை மிச்சம் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். அஸ்தம்பட்டியிலோ அம்மாபேட்டையிலோ வீடு இருப்பவருக்கு அந்தக் கணக்கு சரி. இவள் வீடு இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கிறது. ஒன்பதரைக்கு அலுவலகம் விட்டால் மலைக்குப் பஸ் ஏற முடியாது. ஆகவே சேலமும் அவளுக்கு வெளியூர்தான். 6,000த்தில் அறை வாடகை போனால் மிச்சம் என்ன என்று தாளின் ஓரத்தில் கழித்துக் காட்டினேன். அவள் முகம் வாடியது. முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது என்றுதான் காட்டினேன்.

இனி வேலைக்கு வருகிறேன். சேலத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது. ஒரு செக் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். செக் திரும்பியதாக வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்குக் கிடைத்த பின் பணம் கட்ட 15 நாள். கட்டாவிட்டால் அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். இந்த மூன்று தேதிகளையும் டைரியில் சரியாகக் குறிக்கப் பழகிவிட்டால் தொழிலின் பாதி ஒழுங்கு வந்துவிடுகிறது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரமும் ஜவ்வரிசி வியாபாரமும் நடக்கும் ஊரில் இந்த வழக்குகளுக்குப் பஞ்சமில்லை. நெடுஞ்சாலை விபத்து இழப்பீடு, பாகப்பிரிவினை, ஜாமீன் மனு எல்லாம் ஒரே அலுவலகத்தில் கைக்கு வரும். சாட்சி தமிழில் பேசுவார், தமிழிலேயே குறுக்கு விசாரணை செய்யலாம். உயர் நீதிமன்றத்தில் வாதம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழ் வழியில் படித்த பெண் அங்கே முதல் ஓராண்டு வாய் திறக்கவே தயங்குவாள். நானும் அப்படித்தான் தயங்கி நின்றேன்.

இன்னொன்றும் உண்டு. 2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலான பாரதிய நியாய சன்ஹிதாவும் அதனுடன் வந்த சட்டங்களும் நடைமுறைக்கு வந்துவிட்டன. முப்பது ஆண்டு அனுபவமுள்ள சீனியருக்கும் பழைய பிரிவு எண்தான் முதலில் நாக்கில் வருகிறது. புதிய எண்ணைப் படித்துவிட்டு வரும் ஜூனியரை அவர் திரும்பிப் பார்க்கிறார். ஜூனியருக்கு இப்படி ஒரு வாய்ப்பு என் காலத்தில் இல்லை.

சேலத்தின் குறையையும் சொல்ல வேண்டும். நகல் மனு போடவும் வாய்தா வாங்கவும் மட்டுமே ஜூனியரை வைத்திருக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. பெண்களுக்கு இது இன்னும் மோசம். குறுக்கு விசாரணைக் கட்டு பையன்கள் கைக்குப் போகும், இவர்களுக்கு மனு எண்ணிடும் வேலை. ஆத்தூர், மேட்டூர், சங்ககிரி, ஓமலூர் கோர்ட்டுகளுக்கு ஜூனியரை அனுப்பிவிட்டு, பஸ் செலவைப் பற்றி வாயே திறக்காதவர்களும் உண்டு.

சென்னையில் எனக்குக் கிடைத்தது எழுத்துப் பயிற்சி. ஓர் உறுதிமொழிப் பத்திரத்தை ஏழு முறை திருத்தி எழுதவைப்பார்கள். அந்தக் கண்டிப்பு சேலத்தில் அரிது. இங்கிருந்து போகும் மேல்முறையீடுகள் சென்னைக்குத்தான் போகின்றன என்பதால், அங்கே பழகிய முகம் பிறகும் உதவும். ஆனால் நான் இருந்த அலுவலகத்தில் பதினோரு ஜூனியர்கள். இரண்டு ஆண்டில் நான் எழுந்து நின்றது பெரும்பாலும் "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார்" என்று சொல்லத்தான்.

கம்பெனி வேலையில் ஒப்பந்தம் படிக்கலாம், முதல் தேதி சம்பளம் வரும், வீட்டில் கடன் இருந்தால் அடைக்கலாம். ஆனால் பார் கவுன்சில் விதிப்படி முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. இதன் விலை பின்னால்தான் தெரியும். 2025 மே 20 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று ஆண்டு வக்கீல் அனுபவத்தை மீண்டும் கட்டாயமாக்கியது. பத்து ஆண்டு அனுபவமுள்ள வக்கீல் சான்று தர, நீதித்துறை அதிகாரி அதை உறுதி செய்ய வேண்டும். சிவில் நீதிபதியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 77,840 ரூபாய். அரசு உதவி வழக்கறிஞர் தேர்வுக்கோ குற்றவியல் கோர்ட்டில் ஐந்து ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். நீதிபதியாகும் ஆசை அண்ணன் மகளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. பெங்களூரில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த மூன்று ஆண்டுக் கணக்கில் சேராது. ஒருவேளை வீட்டில் கல்விக் கடன் தவணை கழுத்தை நெரித்தால், கம்பெனிக்குப் போ என்று நானே அனுப்பி வைப்பேன். பசியோடு சட்டம் கற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அண்ணன் கடன் வாங்காமல் படிக்க வைத்துவிட்டதால் அந்த நெருக்கடி இவளுக்கு இல்லை.

அவள் தாளில் நான்காவது பத்தி ஒன்றை நான் எழுதினேன். சட்ட உதவி வழக்கறிஞர் திட்டத்தில், குற்றவியல் தொழிலில் மூன்று ஆண்டுக்கு உட்பட்டவர்களையும் உதவி நிலையில் மாதத் தொகைக்கு எடுக்கிறார்கள். வெளி வழக்கு நடத்தக் கூடாது. ஆனால் சிறையில் இருக்கும் ஏழைக்காகத் தினமும் எழுந்து நிற்கலாம். சேலத்தில் அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கச் சொன்னேன்.

என் தீர்ப்பு சேலம்தான். ஆனால் அந்த 6,000த்துக்கு அப்படியே தலையாட்டக் கூடாது என்றேன். முதலில் ஒரு நாள் முழுவதும் அந்தச் சீனியரின் கோர்ட்டில் உட்கார்ந்து, அவர் ஜூனியர்கள் பேசுகிறார்களா, கட்டுத் தூக்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். பிறகு நேரில் கேட்க வேண்டும்: எந்த மாதத்திலிருந்து என் பொறுப்பில் வழக்குக் கட்டு வரும்? குறுக்கு விசாரணை எப்போது? வெளியூர்க் கோர்ட்டுக்குப் பஸ் செலவு யாருடையது? மூன்று ஆண்டு கழித்துச் சான்று தருவீர்களா?

வியாழக்கிழமை அவளே போனில் அழைத்தாள். போய்ப் பார்த்திருக்கிறாள், கேட்டும் விட்டாள். 9,000 தருவதாகவும், மூன்றாம் மாதத்திலிருந்து செக் வழக்குகளை அவள் பார்க்கலாம் என்றும் சீனியர் சொல்லியிருக்கிறார். உயர் நீதிமன்றம் சொன்ன தொகைக்கு இன்னும் 6,000 குறைவு, அடுத்த ஆண்டு அதையும் கேள் என்றேன். அஸ்தம்பட்டியில் இன்னொரு பெண்ணோடு அறை பார்த்திருக்கிறாள். சனிக்கிழமை மட்டும் மலைப் பஸ்ஸைப் பிடிக்க மாலையிலேயே விட வேண்டும் என்பதைச் சீனியரிடம் இன்னும் சொல்லவில்லையாம். சேரும் முதல் நாளே சொல்லிவிடு என்றேன்.