யூடியூப் ஆடியோ லைப்ரரி: மாணவர்களின் ஹிப்ஹாப் வீடியோவுக்குப் போதுமா?

சேலத்துக் கல்லூரிகளில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் மாணவர்கள், இசை வீடியோ ப்ராஜெக்ட் என்றதும் இப்போதெல்லாம் ஹிப்ஹாப் பக்கமே சாய்கிறார்கள். பயிற்சி பெற்ற குரல் வேண்டாம், குழு நடனம் வேண்டாம், செட் வேண்டாம். செவ்வாய்பேட்டையில் ஒரு சந்தும், கையில் ஒரு கைப்பேசியும், சொல்வதற்கு நான்கு வரியும் இருந்தால் படப்பிடிப்பைத் தொடங்கிவிடலாம். சிக்கல் பாடலைத் தேர்ந்தெடுப்பதில்தான் வருகிறது. இந்தத் தேவைக்கு யூடியூப் இலவசமாகத் தரும் ஆடியோ லைப்ரரி எந்த அளவுக்கு உதவும் என்பதை, மாணவர்களின் எடிட்டிங் வேலையை மேற்பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பலருக்கும் முதலில் தோன்றுவது, பிடித்த ராப் பாடல் ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்வது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை எடுத்தாள்வதற்கு இடம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் மதிப்பெண் வாங்கியதோடு எந்த மாணவரும் தம் வீடியோவைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. யூடியூபில் ஏற்றிய மறுகணமே கன்டென்ட் ஐடி என்னும் தானியங்கிச் சோதனை பாடலை அடையாளம் கண்டுவிடும். அந்த இயந்திரத்திடம் 52ஆவது பிரிவைக் காட்டிப் பயனில்லை. வீடியோவை முடக்குவதா, விளம்பர வருவாயைத் தாமே எடுத்துக்கொள்வதா, வெறுமனே கண்காணிப்பதா என்பதை உரிமையாளர் முடிவு செய்வார். வேலை தேடும்போது காட்ட வேண்டிய படைப்பு இப்படி அடுத்தவர் தயவில் நிற்பது நல்லதன்று.

ஆடியோ லைப்ரரியில் இந்தக் கவலை பெரிதும் குறைகிறது. யூடியூப் கணக்குடன் ஸ்டுடியோ பக்கத்துக்குள் நுழைந்தால் இடப்பக்கப் பட்டியலிலேயே அது இருக்கிறது. இசை வகை, மனநிலை, கால அளவு, கலைஞர் பெயர் ஆகியவற்றைக் கொண்டு வடிகட்டலாம். கேட்டுப் பார்த்து, பிடித்ததற்கு நட்சத்திரக் குறியிட்டுவைத்து, கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். பயன்படுத்த எளிது என்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனினும், இங்கே ஹிப்ஹாப் என்ற தலைப்பின் கீழ்க் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை குரலில்லாத பீட்டுகள், அதாவது ராப் செய்வதற்கான பின்னணித் தாள இசை. முடிந்த பாடலைத் தேடி வருபவர் ஏமாறுவார். தாமே எழுதி ராப் செய்ய நினைப்பவருக்கு இது பயனுள்ள கிடங்கு. என் மாணவர்களை நான் இரண்டாவது வழிக்கே தள்ளுகிறேன். பீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது காதுக்கு இனிமையாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அதன் வேகம் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். லைப்ரரி அதைக் காட்டுவதில்லை. நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்ணைத் தேட வசதியே இல்லாதது இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை என்பேன். 15 விநாடி கடிகாரத்தைப் பார்த்துத் தட்டுகளை எண்ணி நான்கால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த எண்ணுக்கு நான் இவ்வளவு அழுத்தம் தருவதற்குக் காரணம் எடிட்டிங் மேசையில் தெரியும். நிமிடத்துக்கு 90 தட்டு வேகமுள்ள பீட்டில் ஒரு தட்டுக்கு, விநாடிக்கு 24 ஃப்ரேம் கொண்ட வீடியோவில் சரியாக 16 ஃப்ரேம் வரும். 30 ஃப்ரேம் என்றால் சரியாக 20. கட் ஒவ்வொன்றும் தட்டின் மீது துல்லியமாக உட்காரும். வீடியோ 25 ஃப்ரேம் என்றால் 100 வேகத்தைத் தேடுவது நல்லது. அப்போது தட்டுக்கு 15 ஃப்ரேம். ஏற்காட்டு மலைப்பாதையில் படமெடுப்பவர்கள் வேகமான பீட்டையே விரும்புகிறார்கள். அது பொருந்துவதில்லை என்பது என் கருத்து. சேலம் பக்கத்துச் சாலையிலுள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளில் எதில் நின்று எடுத்தாலும், பேருந்து ஒன்று முழுதாகத் திரும்பி முடிக்கச் சில விநாடிகள் ஆகும்; அதைத் தட்டுக்குத் தட்டு வெட்டினால் வளைவே தெரியாமல் போய்விடும். 80 வேகத்தில் இரண்டு பார், அதாவது எட்டுத் தட்டு, சரியாக ஆறு விநாடி நீள்கிறது. அந்த ஷாட்டுக்கு அது போதும்.

வரிகளுக்கும் இதே கணக்குதான். தட்டுக்கு நான்கு எழுத்து வீதம் ராப் செய்தால் ஒரு பாருக்கு, ஒற்றெழுத்துகளை நீக்கி, 16 எழுத்து பிடிக்கும். கட்டளைக் கலித்துறை என்னும் மரபுச் செய்யுளில் நேரசையில் தொடங்கும் அடிக்கும் இதே 16 எழுத்துதான் என்று சொன்னால், யாப்பு வகுப்பில் தூங்கியவர்கள்கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள். 90 வேகத்தில் இது விநாடிக்கு ஆறு எழுத்து. புதிதாகச் சொல்பவருக்கும் நாக்குத் தடுமாறாது. 110க்கு மேல் போனால் வல்லினம் எல்லாம் மழுங்கிவிடும்.

குறைகள் இன்னும் உண்டு. தேடியவரை கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்கச் சாயல் கொண்டவை. பறையோ உடுக்கையோ ஒலிக்கும் ஹிப்ஹாப் பீட் ஒன்றையும் நான் அங்கே கேட்டதில்லை. கோப்பு ஒரே எம்பி3 ஆக வருவதால் டிரம்ஸை மட்டும் தனியே பிரித்து எடுக்கவும் முடியாது. இந்த அந்நியத் தன்மையைப் போக்க ஒரு குழுவினர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. அம்மாபேட்டையில் விசைத்தறி ஓடும் ஓசையைக் கைப்பேசியில் பதிவு செய்து, அதிலிருந்து நாடா (ஊடை நூலைச் சுமந்து ஓடும் கட்டை) மோதும் ஒற்றை அடியை மட்டும் வெட்டி, ஒவ்வொரு பாரின் இரண்டாவது, நான்காவது தட்டின் மீதும் வைத்தார்கள். தறியின் வேகம் பீட்டோடு ஒத்துப்போக வேண்டியதில்லை; ஓர் அடி கிடைத்தால் போதும். பீட் திடீரென்று நம் ஊருடையதாகிவிட்டது.

உரிமம் பற்றி ஓர் எச்சரிக்கை. லைப்ரரியில் இரண்டு வகை உரிமங்கள் இருக்கின்றன. யூடியூபின் சொந்த உரிமம் உள்ளவற்றுக்கு நன்றி குறிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒலிக்கோப்பை வீடியோவிலிருந்து பிரித்துத் தனியாக வெளியிடக் கூடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ளவற்றுக்கு, கலைஞர் பெயரையும் உரிமத்தையும் விவரக் குறிப்பில் எழுதியாக வேண்டும். மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். தம் ராப்பைப் பின்னாளில் பாடலாகவும் வெளியிடும் எண்ணம் இருப்பவர்கள் இரண்டாவது வகையையே எடுப்பது நல்லது.

சொந்தக் குரலில், சொந்த வரியில் செய்யத் துணிபவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முடிந்த பாடல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், லைப்ரரியில் நேரத்தைச் செலவழிக்காமல், சுயாதீனக் கலைஞர் ஒருவருக்கு எழுதி எழுத்துப்பூர்வமான அனுமதி கேட்கட்டும். மாணவர் ப்ராஜெக்ட் என்று தெளிவாகச் சொல்லி, படப்பிடிப்புத் தேதிக்கு வெகு முன்பே கேட்க வேண்டும்.