ஜிம்னிக்கு டயரும் கயிறும் வாங்கினேன், ஸ்பேசர் வேண்டாம் என்றேன்

போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிற ஆள் நான். 17 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடுதான். தோட்டத்துப் பாதையில் இறங்கிவிட்டால் உருளைக்கல், செம்மண், தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் வழுக்குச் சேறு. வண்டி ஐந்து கதவு மாருதி ஜிம்னி. இதற்கு என்ன டயர் போடலாம், ஸ்பேசர் (சக்கரத்துக்கும் அது மாட்டும் ஹப்புக்கும் நடுவே வைத்து, சக்கரத்தை வெளியே தள்ளும் தகடு) வைக்கலாமா, சிக்கிக்கொண்டால் இழுக்க என்ன வேண்டும் என்று புதிதாக ஜிம்னி வாங்கியவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் பயன்படுத்திப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

கம்பெனி கொடுப்பது 195/80 ஆர்15 அளவில் எச்/டி வகை, அதாவது தார் ரோட்டுக்கான டயர். அங்கே அருமையானது. ஆனால் அதன் பட்டன்களுக்கு (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டிகள்) நடுவே இருக்கும் இடைவெளி குறுகல், நனைந்த செம்மண்ணில் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். நான் மாற்றிப் போட்டது யோகோஹாமா ஜியோலேண்டர் ஏ/டி ஜி015, 215/75 ஆர்15. ஏ/டி என்றால் தார், மண் இரண்டுக்கும் பொதுவானது. பழைய டயரின் விட்டம் 693 மி.மீ., இதன் விட்டம் 703.5 மி.மீ. வண்டி தரையிலிருந்து கூடுதலாக எழும்புவது 5 மி.மீ. மட்டும். இதைச் சொன்னதும் பலர் "அவ்வளவுதானா?" என்கிறார்கள். உயரத்துக்காக நான் இதை வாங்கவில்லை. அகலம் 20 மி.மீ. கூடுகிறது, பட்டன்கள் ஆழமாக இருக்கின்றன, எடை தாங்கும் குறியீடு 100, அதாவது ஒரு டயருக்கு 800 கிலோ. எனக்கு வேண்டியது அதுதான்.

235/75 ஆர்15 போட்டால் 20 மி.மீ. உயரும், உண்மைதான். ஆனால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது உரசும், சஸ்பென்ஷனைத் தூக்க வேண்டிவரும், 105 பி.எஸ். எஞ்சின் மெட்டு ஏற்றத்தில் கியரை இறக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். தினமும் மலை ஏறுகிறவருக்கு அது தேவையில்லை. 215இல் ஸ்பீடோமீட்டர் வித்தியாசம் ஒன்றரை சதவீதம், கவலைப்பட ஒன்றுமில்லை. எந்த ஏ/டி டயருக்கும் உள்ள மெல்லிய முனகல் இதிலும் உண்டு. ஈரமான தார் வளைவுகளில் பிடிப்பு எனக்குத் திருப்தி. பெரிய பெரிய பட்டன் உள்ள எம்/டி டயரை (சேற்றுக்கானது) நான் தவிர்த்தது இந்த வளைவுகளை நினைத்துத்தான். நனைந்த தாரில் தரையைத் தொடுகிற ரப்பர் அதில் குறைவு. தோட்டத்துக்குள்ளேயே கிடக்கும் ஜீப்புக்கு வேண்டுமானால் எம்/டி சரி.

வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1425 என்றால் 2025ஆம் வருடம் 14ஆம் வாரம் தயாரானது. அப்புறம், நான்கு மட்டும் வாங்கி ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டுவிடாதீர்கள். ஃபோர் வீலில் ஓட்டும்போது ஒரு சக்கரம் மட்டும் வேறு விட்டமாக இருந்தால் அந்தச் சுமை சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேசுக்கும் போகும். ஐந்தாகவே வாங்குங்கள், சுற்றி மாற்றிப் போட்டால் ஐந்தும் சமமாகத் தேயும்.

டயரை விடப் பெரிய வித்தியாசம் காற்றில் இருக்கிறது. தோட்டத்தில் பழைய ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவர் சொன்னது: "காத்தை எறக்குங்க தம்பி, டயரு தன்னால பிடிக்கும்." சேற்றுப் பாதை ஆரம்பிக்கும் இடத்தில் 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குகிறேன். டயர் தரையில் நீளமாகப் படிகிறது, கல்லின் மேல் மடிந்து ஏறுகிறது, முதுகும் தப்பிக்கிறது. சாதா ரிம்மில் 15க்குக் கீழே போனால், வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. தார் ரோட்டைத் தொட்டதும் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குத் திரும்ப ஏற்றிவிட வேண்டும். அதற்கு ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர் வைத்திருக்கிறேன். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுவதை வாங்காமல், பேட்டரியில் நேரே கிளிப் போடும் வகையை வாங்குங்கள். பெரிய டயருக்குக் காற்றடிக்க அது இழுக்கும் கரண்டுக்கு அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் போதாது.

இனி ஸ்பேசர். டயர் மாற்றப் போன கடையில், "215 போட்டால் 30 மி.மீ. ஸ்பேசரும் போட்டே ஆகணும், இல்லன்னா உரசும்" என்று அடித்துச் சொன்னார்கள். தவறான தகவல். ஜிம்னியில் இந்த அளவு ஸ்பேசர் இல்லாமலேயே தாராளமாகச் சுற்றுகிறது. என் வண்டியே அதற்குச் சாட்சி.

சக்கரம் வெளியே தள்ளி நின்றால் வண்டி அழகாக, அகலமாகத் தெரியும். சாய்வில் கொஞ்சம் நிதானமும் கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் சக்கரத்தின் சுமை ஹப் பேரிங்கிலிருந்து விலகி வெளியே போகிறது. ஜிம்னியின் முன்னால் இருப்பது இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்ஸில், அதன் முனையில் சக்கரம் கிங்பின் பேரிங்குகளில் திரும்புகிறது. சக்கரம் வெளியே தள்ளத் தள்ள ஒவ்வொரு கல்லும் ஸ்டீயரிங்கை அதிகமாக உதைக்கும். அந்த பேரிங்குகள் தேய்ந்திருந்தால், வேகத்தில் ஸ்டீயரிங் கடகடவென்று ஆடும் தொல்லையை இது கிளப்பிவிடும். இன்னொன்று, ஸ்பேசரை ஹப்போடு பிடித்திருக்கும் நட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. அவை இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சக்கரத்தையே கழற்ற வேண்டும். தினமும் கல்லில் குலுங்குகிற வண்டியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இன்னும் ஐந்து நட்டை நம்பி மலை இறங்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியும் வேண்டும் என்பவர்களுக்கு: ஸ்டட் (சக்கரத்தைப் பிடிக்கும் மரை ஆணி) நுழைய வெறும் துளை மட்டும் போட்ட தகடை வாங்கவே வாங்காதீர்கள். தனியாக ஸ்டட் பதித்த, ஃபோர்ஜ் செய்த அலுமினியத்தில், ஹப்பில் கச்சிதமாக உட்காரும் வகை வேண்டும். ஜிம்னிக்கு 5 துளை, 139.7 மி.மீ. வட்டம், நடுத்துளை 108 மி.மீ., ஸ்டட் எம்12, 1.25 மரை. டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு விசைக்கு இறுக்கும் ஸ்பேனர்) வைத்து இறுக்கி, 50, 100 கி.மீ. ஓடியதும் கழற்றிப் பார்த்து மறுபடி இறுக்க வேண்டும். வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் இன்சூரன்ஸையும் நினைவில் வையுங்கள். ஃபெண்டருக்கு வெளியே சக்கரம் நீட்டிக்கொண்டு நிற்பது யார் கண்ணிலும் படும். அகலம்தான் வேண்டுமென்றால் ஆஃப்செட் குறைந்த ரிம், அதாவது தானே சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் ரிம் வாங்கலாம். பேரிங் சுமை அதிலும் கூடும், ஆனால் நடுவில் கூடுதல் இணைப்பு இருக்காது.

ஸ்பேசருக்கு ஆகும் காசில் நான் வாங்கியது கைனெடிக் கயிறு. பருத்தியோ பாலியஸ்டரோ இல்லை, நைலானில் இரட்டைப் பின்னல். இழுக்கும்போது ரப்பர் போல நீண்டு, அந்த விசையைத் திருப்பிக் கொடுத்து வண்டியைப் பிடுங்கும். கனமானதாக வாங்கினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். ஜிம்னி ஆளும் பொருளும் ஏற்றி 1545 கிலோவுக்குள் இருக்கும் வண்டி. மூன்று டன் வண்டிக்கான தடித்த கயிறு இதற்கு நீளவே நீளாது, வெட்டி இழுக்கும். வண்டி எடையைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு முறிவுத் திறன் போதும். என்னுடையது 16 மி.மீ. தடிமன், 6 மீட்டர் நீளம். 9 மீட்டர் வாங்கினால் இன்னும் நன்றாக நீளும், ஆனால் எங்கள் பாதையில் இரண்டு வளைவுக்கு நடுவே அவ்வளவு நேரான இடம் கிடைப்பது அரிது.

இரண்டு பக்கமும் மாட்ட சாஃப்ட் ஷேக்கிள், அதாவது கயிற்றாலேயே செய்த கொக்கி வளையம். இரும்பு ஷேக்கிள் தெறித்தால் குண்டு மாதிரி பறக்கும், இது அவ்வளவு கனமில்லை. மாட்டும் இடம் சேசிஸோடு போல்ட் போட்ட கொக்கியாக இருக்க வேண்டும். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மட்டும் மாட்டவே கூடாது, அது உடைந்து பறந்து வெளிநாடுகளில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போட்டு, எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

வண்டியில் பொருத்தி இழுக்கும் மோட்டாரான வின்ச் வாங்கவில்லை. சேற்றில் சக்கரத்தின் கீழ் வைக்கும் பல் வைத்த பலகையான டிராக்ஷன் போர்டு இரண்டு உண்டு, சக்கரத்தை வெறுமனே சுழலவிட்டால் அதன் பல் உருகிவிடும், மெதுவாக ஏற வேண்டும். மண் வாருவதற்கு, கடைகளில் விற்கும் மடக்கு ஷவலை விட நம்மூர் மண்வெட்டி நூறு மடங்கு மேல், பிடியை மட்டும் குட்டையாக வெட்டிக்கொண்டேன்.

கயிற்றைச் சேற்றோடு சுருட்டி வைக்காதீர்கள். மணல் உள்ளே புகுந்து இழையை அறுக்கும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள், மேலுறையில் வெட்டு தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.