மஞ்சள் காய்ச்சல் ஊசி என்று ஊட்டியில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் டீ ஃபேக்டரிகளில் இருந்துகொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போக ஏற்பாடு செய்கிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். நான் பதினாறு வருடமாக டீமேக்கர். உகாண்டாவில் ஃபோர்ட் போர்ட்டல் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்தது.

உகாண்டாவுக்குள் நுழைய, கொசு பரப்பும் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசிச் சான்று கட்டாயம், விசாவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போதே கேட்பார்கள். திரும்பி வரும்போதும் அந்தச் சான்றான மஞ்சள் புத்தகம் கையில் இல்லையென்றால் இந்தியாவில் இறங்கியதும் ஆறு நாள் வரை தனியாக அடைத்து வைத்துவிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஊசியை யார் போடலாம், எங்கே போடலாம் என்பதுதான் தெரியாது.

டிக்கெட் போட்டுக் கொடுத்த ஊட்டி டிராவல்ஸ்காரர், "எதுக்கு அண்ணே மெட்ராஸ் வரைக்கும் அலையணும், நம்ம ஆள் இங்கயே வந்து போட்டுடுவார், ஊசி, புத்தகம், மலேரியா மாத்திரை எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு" என்றார். கொழுந்து வரத்து கூடிய நேரம், லீவு கேட்க எனக்கும் கூச்சமாக இருந்தது. 1907-லிருந்து குன்னூரில் தடுப்பூசி தயாரிக்கிற பாஸ்டர் நிறுவனம் இருக்கிற மலை, தடுப்பூசிக்கா இங்கே பஞ்சம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பேர் வாங்கியது வெறிநாய்க்கடி ஊசிக்கும் முத்தடுப்பு ஊசிக்கும், இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

சேரிங் கிராஸ் பக்கம் ஒரு லாட்ஜ் அறைக்கு வரச் சொன்னார்கள். அந்த 'ஆள்' ஜெர்கின் பாக்கெட்டிலிருந்து ஏற்கெனவே மருந்து ஏற்றிய சிரிஞ்சை எடுத்தார். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாமா என்று கேட்டேன். "ஊட்டிக் குளிருக்கு எதுக்கு சார் ஃப்ரிட்ஜ்?" என்றார், நானும் சேர்ந்து சிரித்தேன், அதை இப்போது நினைத்தால் என்மேலேயே கோபம் வருகிறது. அந்த மருந்து காய்ந்த பொடியாகத்தான் வரும், 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்து, கூட வரும் திரவத்தில் நம் கண்ணெதிரே கலக்கிப் போடுவார்கள், கலக்கியதை நெடுநேரம் வைத்திருக்கவும் கூடாது. முட்டை ஒத்துக்கொள்ளாதா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், வயது அறுபதைத் தாண்டிவிட்டதா என்று கேட்காமல் யாரும் இதைப் போடக் கூடாது. அந்த ஆள் கேட்டது ஒன்றுதான், ஜிபேயா கேஷா.

ஒன்பது நாள் கழித்து, ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கிற என் மச்சானுக்குப் புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். "மாமா, இதுல பேட்ச் நம்பர் எங்க? எந்த சென்டர்னு சீலே இல்லையே" என்றான். பத்து வருடம் செல்லும் என்று வேறு எழுதியிருந்தது. 2016 ஜூலையிலிருந்து இந்தச் சான்று ஆயுளுக்கும் செல்லும், ஊசி போட்டுப் பத்து நாள் ஆனதும் செல்லுபடியாகும். பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம், அதுவும் செல்லும். ஆனால் புதிதாக எழுதுகிறவனுக்கு இந்த விதி தெரியவில்லை என்றால் அவன் யார்?

அன்று ராத்திரியே மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தேன். சென்னை கிண்டியில், இந்த ஊசி போட அங்கீகாரம் உள்ள அரசு மையமான கிங் இன்ஸ்டிட்யூட்டில் டாக்டரிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. உள்ளே போனது என்ன மருந்து என்று கேட்டார், தெரியாது என்றேன். ஒருவேளை வேறு ஏதாவது உயிருள்ள தடுப்பூசியாக (வலுக்குறைத்த உயிருள்ள கிருமியால் செய்தது) இருந்தால் நான்கு வாரம் இடைவெளி வேண்டும், அது முடிந்ததும் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். சிரிஞ்ச் புதிதுதானா என்று கேட்டபோதுதான் எனக்குக் கை நடுங்கியது, கவர் பிரித்ததை நான் பார்க்கவே இல்லையே. எச்ஐவி, ரத்தம் வழியாகப் பரவும் மஞ்சள் காமாலை இரண்டுக்கும் உடனே ஒரு ரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து மறுபடி ஒன்று எடுக்கச் சொன்னார்.

நான்கு வாரம் கழித்துத் திரும்பப் போய் நிஜ ஊசி போட்டுக்கொண்டேன், கட்டியது முந்நூறு ரூபாய். பாஸ்போர்ட் அசலைக் கொண்டு போங்கள், என்றைக்குப் போடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அரசு அங்கீகரித்த மையங்களின் பட்டியல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கிறது, அதில் இல்லாத இடத்தில் எழுதிய புத்தகம் வெறும் காகிதம். டிக்கெட்டைத் தள்ளிப் போட்ட செலவு தனிக் கதை, அதைச் சொன்னால் வயிறு எரியும்.

மாத்திரையையும் அந்த டாக்டரிடம் காட்டினேன். பட்டையின் ஓரத்தை வெட்டியிருந்ததால் காலாவதித் தேதி இல்லை, பெயர் மட்டும் மிச்சம், குளோரோகுயின். ஆப்பிரிக்க மலேரியாவுக்கு அது கேட்காமல் போய் வெகுகாலம் ஆகிறதாம். டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தார், போவதற்கு ஒரு நாள் முன்பிருந்து தினமும், மலேரியா இருக்கும் ஊரை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம். அங்கேயே தங்கி வேலை பார்க்கப் போகிறவன் என்பதால் கொசுவலைதான் முக்கியம் என்று அதையும் அழுத்திச் சொன்னார். அங்கேயும் நம்ம ஊர் மாதிரி குளிர்தான், கொசு வராது என்று டிராவல்ஸ்காரர் சொன்னதும் பொய். மச்சானுக்குப் போன வருடம் இரண்டு தடவை மலேரியா வந்து படுத்திருக்கிறான்.

போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். டிராவல்ஸ்காரர் மூவாயிரம் திருப்பிக் கொடுத்தார், ஊசி போட்ட ஆளைத் தனக்குச் சரியாகத் தெரியாது என்கிறார். அந்த ஆளின் போன் அணைத்தே கிடக்கிறது.

எனக்கு ஓ நெகட்டிவ். கோத்தகிரியில் யாருக்காவது அவசரம் என்றால் முதல் போன் எனக்குத்தான் வரும். போன வாரமும் வந்தது, ஒரு பிரசவ கேஸ். இரண்டாவது பரிசோதனை முடியும்வரை ரத்தம் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் வர முடியாது என்றேன். ஏன் அண்ணே, உடம்புக்கு என்ன என்று அந்தப் பையன் கேட்டான்.